மெதுவான இணையத்தில் லினக்ஸ் அப்டேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்காவது உபுண்டுவோ டெபியனோ மின்ட்டோ போட்டுக்கொடுத்துவிட்டு வந்தால், பத்து நாளில் போன் வரும். கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர், கடை வைத்திருப்பவர் என்று ஆள்தான் மாறும், கேள்வி மாறாது: "நெட் ரொம்ப மெதுவா இருக்கு, அப்டேட்டை என்ன செய்யறது?" திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் உச்சரிப்பில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். மூன்றுமே டெபியன் குடும்பம் என்பதால், அவற்றில் மென்பொருளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன்.

அப்டேட், அப்கிரேட் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு தடவை அடிக்கணும்?

இல்லை. "சுடோ ஆப்ட் அப்டேட்" எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. சர்வரில் இப்போது என்னென்ன பேக்கேஜ் (மென்பொருள் பொதி) எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வாங்கி வருகிறது. "சுடோ ஆப்ட் அப்கிரேட்" அந்தப் பட்டியலைப் பார்த்து, உங்கள் கணினியில் பழையதாகக் கிடப்பதை எல்லாம் இறக்கி நிறுவுகிறது.

அந்த அப்கிரேடுக்குள்ளும் இரண்டு வேலை இருக்கிறது: இறக்குவது ஒன்று, நிறுவுவது இன்னொன்று. நெட் தேவைப்படுவது முதல் வேலைக்கு மட்டும்தான். இந்தப் பிரிவு மனதில் பதிந்துவிட்டால், கீழே வரும் பாதிப் பதில்களை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

300 எம்பி காட்டுது அண்ணா. என் நெட்டுல எவ்ளோ நேரம் ஆகும்?

நெட் கம்பெனி சொல்லும் எம்பிபிஎஸ் பிட் கணக்கு. ஆப்ட் காட்டும் எம்பி பைட் கணக்கு. எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 2 எம்பிபிஎஸ் லைன் என்றால் விநாடிக்கு 250 கேபி, நிமிடத்துக்கு 15 எம்பி. 300 எம்பி இறங்க 20 நிமிடம் போதும். அதாவது, பலர் பயப்படும் அளவுக்கு மோசமில்லை.

உண்மையில் வலிக்கும் இடம் வேறு. செல்போன் பிளானில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடுவார்கள். அது விநாடிக்கு வெறும் 8 கேபி. அந்த வேகத்தில் 100 எம்பி இறங்க மூன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே அப்டேட்டை நாளின் கடைசியில் மிஞ்சிய டேட்டாவில் ஓட்டுங்கள், ஆனால் தீர்வதற்கு முன்னால் ஓட்டுங்கள். "அப்கிரேட்" அடித்ததும் எவ்வளவு எம்பி இறங்கும் என்று சொல்லிவிட்டு, "ஒய்" அடிக்கும் வரை காத்திருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் "ஒய்" தட்டாதீர்கள்.

பேசாம அப்டேட்டே போடாம விட்டா என்ன? நல்லாத்தானே ஓடுது?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் கேட்பவர் ஏற்கெனவே ஒரு வருடமாகப் போடாமல் விட்டிருப்பார். 2022 ஜனவரியில் பிகேஎக்ஸெக் என்ற சிறு நிரலில் ஒரு ஓட்டை இருப்பது வெளியானது. "ப்வன்கிட்" என்று பெயர் வைத்தார்கள். கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் அதன் வழியாக ரூட், அதாவது கணினியின் முழு அதிகாரம் உள்ளவர், ஆகிவிடலாம். 2009இலிருந்தே அந்த ஓட்டை அங்கே இருந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லா டிஸ்ட்ரோவிலும் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள்) அந்த நிரல் உண்டு. அத்தனை பெரிய ஓட்டையை அடைக்க வந்த பேக்கேஜோ, வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோ அளவுதான்.

பாதுகாப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் இப்படிச் சிறியவைதான். பெரிதாக இருப்பவை பிரவுசர், கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி), ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் நிரல்), லிப்ரேஆபிஸ். இவற்றில் பிரவுசரை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. வெளி உலகம் உங்கள் கணினிக்குள் நுழையும் வாசல் அதுதான்.

இறங்கிட்டிருக்கும்போது சிக்னல் போயிடுச்சு. மறுபடி முதல்ல இருந்தா?

இல்லை, பயப்படாதீர்கள். ஒரு மாணவி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு, 73 சதவீதத்தில் சிக்னல் போனதும் கம்ப்யூட்டரையே மூடிவிட்டு அழாத குறையாக போன் செய்தார். மறுபடி அதே கட்டளையை அடிக்கச் சொன்னேன். இறங்கிய பேக்கேஜ்கள் வார் அடைவுக்குள் (ஃபோல்டர்) கேச், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் பத்திரமாக இருக்கும். பாதியில் நின்றது பார்ஷியல் என்ற துணை அடைவில் இருக்கும், விட்ட இடத்திலிருந்தே தொடரும். அவருக்கு மிச்சமிருந்த 27 சதவீதம் மட்டும்தான் இறங்கியது.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. இடையில் "ஆப்ட் கிளீன்" அடித்தால் அந்த அடைவு துடைக்கப்பட்டுவிடும். ஏதாவது பிழை வந்தாலே அதை முதலில் அடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. மெதுவான லைனில் அது மூன்று நாள் சேமித்ததைக் கொட்டிவிடுவதற்குச் சமம்.

லைன் அடிக்கடி அறுந்தால், ஆப்ட்டின் அமைப்பில் "அக்வயர்::ரிட்ரைஸ்" எண்ணை 10 என்றும் "அக்வயர்::ஹெச்டிடிபி::டைம்அவுட்" எண்ணை 120 என்றும் வையுங்கள். சும்மா சும்மா கைவிடாமல் பொறுமையாக முயலும்.

கரண்ட் போனா?

இறக்கும்போது போனால், சிக்னல் போனது போலத்தான். நிறுவும்போது போனால்தான் சிக்கல்: ஒரு பேக்கேஜ் பாதி பிரிக்கப்பட்டு, அமைக்கப்படாமல் நிற்கும். கரண்ட் வந்ததும் "சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", அது முடிந்ததும் "சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". பெரும்பாலும் இந்த இரண்டிலேயே சரியாகிவிடும். கெர்னல் நிறுவும்போது போய்விட்டதால் கணினி எழவே மாட்டேன் என்றால், கணினி தொடங்கும்போது வரும் க்ரப் என்ற தேர்வுத் திரையில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதற்காகத்தான் பழையதை அழிக்காமல் வைத்திருக்கிறது.

யுபிஎஸ் இல்லாத வீட்டில் நான் சொல்லும் வழி இது. "சுடோ ஆப்ட் அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி" போட்டு இரவு முழுக்க இறங்கட்டும். நடுவில் கரண்ட் எத்தனை முறை போனாலும் பாதகமில்லை. காலையில் கரண்ட் நிலையாக இருக்கும் நேரம் பார்த்து வெறும் "ஆப்ட் அப்கிரேட்" கொடுங்கள். நெட்டே இல்லாமல் சில நிமிடங்களில் நிறுவி முடித்துவிடும்.

அப்டேட் ஓடினா தம்பிக்கு ஆன்லைன் கிளாஸ் நின்னு போகுதுன்னு அம்மா திட்டறாங்க.

ஆப்ட் கிடைக்கிற வேகத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கடிவாளம் போடலாம்: "சுடோ ஆப்ட் அப்கிரேட் -ஓ அக்வயர்::ஹெச்டிடிபி::டிஎல்-லிமிட்=60". அந்த 60 என்பது விநாடிக்கு 60 கேபி. 2 எம்பிபிஎஸ் லைனில் கால்வாசிதான் அது, மீதி தம்பிக்கு. நேரம் நீளும், ஆனால் யாரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கேட்க மாட்டார்கள்.

நான் ஒண்ணுமே பண்ணல சார், லேப்டாப்பைத் திறந்தாலே டேட்டா ஓடுது. வைரஸா?

வைரஸ் இல்லை. உபுண்டுவில் பின்னணியில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். முதலாமவர் ஆப்ட்-டெய்லி என்ற டைமர். ஒரு நாளைக்கு இரண்டு முறை பட்டியலை வாங்கி, பாதுகாப்புத் திருத்தங்களையும் இறக்குவார். கணினி அணைந்திருந்ததால் முறை தவறியிருந்தால், திறந்ததும் அதை ஈடுகட்டுவார். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். இரண்டாமவர் ஸ்னாப், உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் இன்னொரு முறை. ஒரு நாளைக்கு நான்கு முறை புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கேட்காமலே இறக்குவார். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸே ஸ்னாப்பாகத்தான் வருகிறது.

ஸ்னாப்புக்கு "சுடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ் --ஹோல்ட்" போட்டால் நிற்கும், "--ஹோல்ட்=72ஹெச்" என்றால் மூன்று நாள் மட்டும் நிற்கும். நான் இரண்டாவதையே சொல்வேன், ஏனென்றால் முதலாவதைப் போட்டவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள், பிரவுசர் பழசாகிக்கொண்டே போகிறது. ஆப்ட்டுக்கு, ஈடிசி அடைவில் ஆப்ட், அதற்குள் ஆப்ட்.கான்ஃப்.டி, அதில் "20ஆட்டோ-அப்கிரேட்ஸ்" என்ற கோப்பைத் திறந்து "1" என்பதை "0" ஆக்கலாம். ஆக்கினால், வாரம் ஒரு நாள் கையால் போடுவதற்குக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துவதை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை "மீட்டர்டு" (அளவான டேட்டா உள்ள இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் என்றால் பெரும்பாலும் தானாகவே அப்படிக் கண்டுகொள்ளும். தானியங்கித் திருத்தங்கள் அந்த இணைப்பில் ஒதுங்கி நிற்கும், நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் தாமாக ஓடும். ஸ்னாப்புக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: "சுடோ ஸ்னாப் செட் சிஸ்டம் ரிஃப்ரெஷ்.மீட்டர்டு=ஹோல்ட்".

"குட் நாட் கெட் லாக்"னு வருது. அந்த லாக் ஃபைலை அழிச்சிடலாமா? யூடியூப்ல அப்படித்தான் சொன்னாங்க.

அழிக்காதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன பின்னணி ஆள் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். மெதுவான லைனில் அவருக்கு ஒரு மணி நேரம் கூட ஆகலாம். பூட்டை உடைத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிறுவினால் பேக்கேஜ் தரவுத்தளம் குழம்பும். காத்திருங்கள்.

எல்லாம் வேண்டாம், முக்கியமானது மட்டும் போடணும். எப்படி?

உபுண்டுவில் "சுடோ அன்அட்டெண்டட்-அப்கிரேட் -வி" என்று நீங்களே கையால் ஓட்டுங்கள். இயல்பான அமைப்பில் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே எடுக்கும். மின்ட்டில் அப்டேட் மேனேஜரில் பாதுகாப்புத் திருத்தங்களுக்குக் கேடயக் குறி இருக்கும், அவற்றை மட்டும் டிக் செய்யுங்கள். டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் இந்தக் கவலையே குறைவு. அங்கே தினசரி வருவதே பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தம்தான், மற்றவை சில மாதங்களுக்கு ஒருமுறை சேர்ந்து வரும். மெதுவான நெட் உள்ளவர்களுக்கு நான் டெபியன் ஸ்டேபிள் போட்டுக்கொடுப்பதற்குக் காரணமே இதுதான்.

ஒரே ஒரு பேக்கேஜ் போதும் என்றால் "சுடோ ஆப்ட் இன்ஸ்டால் --ஒன்லி-அப்கிரேட்" என்று அடித்து அதன் பெயரைக் கொடுங்கள். லினக்ஸ்-ஃபர்ம்வேர் போன்ற ஒன்று சில நூறு எம்பி கேட்கிறதா? "ஆப்ட்-மார்க் ஹோல்ட்" போட்டு நிறுத்திவைத்து, வேகமான இடத்துக்குப் போனதும் "அன்ஹோல்ட்" செய்யலாம். புதிதாக ஏதாவது நிறுவும்போது "--நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்" சேர்த்தால், கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பரிந்துரைப் பேக்கேஜ்கள் வராது.

பட்டியலை வாங்கவே 20, 30 எம்பி ஆகுதே?

ஆமாம், இது நியாயமான கோபம். டெபியன் 12இல் முதன்மைப் பட்டியல் 8.8 எம்பி, அதன் ஆங்கில விவரக்குறிப்புகள் 6 எம்பி, மூலநிரல் பட்டியல் 9 எம்பிக்கு மேல். மூலநிரல் பட்டியல் உங்களுக்குத் தேவையே இல்லை. எந்த சர்வரிலிருந்து இறக்குவது என்று எழுதியிருக்கும் சோர்சஸ் கோப்பில் "டெப்-எஸ்ஆர்சி" என்று வரும் இடங்களை எடுத்துவிடுங்கள். விவரக்குறிப்புகளும் வேண்டாம் என்றால் "அக்வயர்::லாங்குவேஜஸ்" என்பதை "நன்" ஆக்குங்கள். பாதிக்கு மேல் மிச்சம்.

ஒருமுறை இறங்கிய பட்டியல் சர்வரில் மாறாத வரை மறுபடி இறங்காது. அப்போது திரையில் "ஹிட்" என்று வரும். டெபியன் ஸ்டேபிளில் பெரிய பட்டியல் மாதக்கணக்கில் மாறாது. மாறினாலும், சில பட்டியல்களுக்கு டெபியன் சர்வர்கள் மாறிய வரிகளை மட்டும் தரும் வசதியை வைத்திருக்கின்றன. உபுண்டு சர்வர்களில் அது இல்லை.

வேற மிர்ரருக்கு மாத்தினா வேகம் கூடுமா?

மிர்ரர் என்பது அதே பேக்கேஜ்களின் நகலை வைத்திருக்கும் வேறொரு சர்வர். உங்கள் வீட்டு லைனே 2 எம்பிபிஎஸ் என்றால், சர்வர் எங்கே இருந்தாலும் 2தான். லைன் சுமாராக இருந்தும் ஆப்ட் மட்டும் ஊர்ந்தால் மாற்றிப் பாருங்கள். "0 சதவீதம், கனெக்டிங்" என்று நிமிடக்கணக்கில் நின்று, பக்கத்தில் முக்காற்புள்ளிகளோடு நீளமான முகவரி தெரிந்தால், குற்றவாளி மிர்ரர் அல்ல, ஒழுங்காக வேலை செய்யாத ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி முறை. "-ஓ அக்வயர்::ஃபோர்ஸ்ஐபிவி4=ட்ரூ" சேர்த்ததும் சிட்டாகப் பறப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"ஹாஷ் சம் மிஸ்மேட்ச்"னு சிவப்புல வருது. ஹேக் பண்ணிட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண். அது பொருந்தவில்லை, அதாவது இறங்கிய கோப்பு, இறங்க வேண்டிய கோப்பாக இல்லை என்று அர்த்தம். நடுவில் நெட் கம்பெனியின் ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) பழைய நகலைக் கொடுத்திருக்கலாம், அல்லது மிர்ரர் அந்த நேரம் தன்னையே புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். ஓரிரு மணி நேரம் கழித்து முயலுங்கள். கல்லூரி விடுதி வைஃபையில் "நோஸ்ப்ளிட்" என்ற சொல்லோடு பிழை வந்தால், நீங்கள் இன்னும் லாகின் செய்யவில்லை, பட்டியலுக்குப் பதில் லாகின் பக்கம் இறங்கியிருக்கிறது.

எதற்கும் சரியாகவில்லை என்றால் வார் அடைவுக்குள் லிப், அதற்குள் ஆப்ட், அதற்குள் லிஸ்ட்ஸ் என்ற அடைவில் உள்ளதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி அப்டேட் கொடுக்கலாம். ஆனால் முழுப் பட்டியலும் புதிதாக இறங்கும் என்பதால், இது கடைசி வழி.

வீட்ல நெட்டே கிடையாது. பிரவுசிங் சென்டர்ல விண்டோஸ்தான் இருக்கு. பென்டிரைவ்ல கொண்டு வர முடியுமா?

முடியும், அதுவும் அழகாக. ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. நம் நாட்டைச் சேர்ந்த டெபியன் உருவாக்குநர் ரிதேஷ் ராஜ் சராஃப் எழுதியது. மூன்றே அடி. வீட்டுக் கணினியில் "ஆப்ட்-ஆஃப்லைன் செட்" கொடுத்தால், என்ன தேவை என்று எழுதிய சிறு கோப்பு கிடைக்கும். பென்டிரைவில் எடுத்துப் போய், நெட் உள்ள கணினியில் "கெட்" கொடுத்தால் தேவையானதை இறக்கி ஒரு ஜிப் ஆக்கும். பைத்தானில் எழுதப்பட்டது என்பதால் விண்டோஸிலும் ஓடும். வீட்டுக்கு வந்து "இன்ஸ்டால்" கொடுத்துவிட்டு வழக்கம்போல அப்கிரேட்.

இதை இரண்டு சுற்றாகச் செய்ய வேண்டும். முதல் சுற்றில் பட்டியல், இரண்டாம் சுற்றில் பேக்கேஜ்கள். பட்டியல் புதிதாக இல்லாமல் என்ன தேவை என்று கணினிக்கே தெரியாது. ஒரே சுற்றில் முடிக்கப் பார்த்து ஏமாந்தவர்கள்தான் "இது வேலை செய்யல" என்கிறார்கள்.

எஸ் இல்லாத வெறும் ஹெச்டிடிபியில இறக்கறது, அடுத்தவங்க பென்டிரைவ்ல கொண்டு வர்றது எல்லாம் பாதுகாப்பா?

பட்டியலின் தலைக்கோப்பில் டிஸ்ட்ரோவின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அந்தக் கோப்பில் பட்டியல்களின் ஹாஷ், பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ். வழியில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் ஆப்ட் ஏற்காது. ஆப்ட்டின் வழியாக நிறுவும்வரை நம்பலாம். தனியாக ஒரு டெப் கோப்பை இருமுறை கிளிக் செய்து நிறுவினால் இந்தச் சோதனை கிடையாது.

முழுமையாகச் சொல்ல வேண்டும் என்றால், 2019 ஜனவரியில் ஆப்ட்டிலேயே ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வெறும் ஹெச்டிடிபி இணைப்பின் நடுவே இருப்பவர், வழிமாற்றச் செய்தியைத் திரித்து இந்தச் சோதனையை ஏமாற்ற முடிந்தது. உடனே அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிந்தைய ஆப்ட் உங்களிடம் இருந்தால் போதும்.

எங்க ஸ்கூல் லேப்ல 20 சிஸ்டம், ஒரே ஒரு லைன். ஒவ்வொண்ணுக்கும் போட்டா ஒரு வாரம் ஆகுது சார்.

ஒரே பேக்கேஜை இருபது முறை வெளியிலிருந்து வாங்குகிறீர்கள். 300 எம்பி இருபதால் 6 ஜிபி. ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். அதையும் சேர்த்து இருபதிலும் "அக்வயர்::ஹெச்டிடிபி::ப்ராக்ஸி" என்ற அமைப்பில் அந்தக் கணினியின் ஐபியையும் 3142 என்ற போர்ட்டையும் கொடுங்கள். முதல் கணினி கேட்கும்போது வெளியிலிருந்து வரும், அடுத்தவற்றுக்கு லேப்புக்குள்ளிருந்தே லேன் வேகத்தில் போகும். 6 ஜிபி திரும்பவும் 300 எம்பி ஆகிவிடும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. எல்லாக் கணினியிலும் ஒரே டிஸ்ட்ரோ, ஒரே பதிப்பு இருக்க வேண்டும். பாதி மின்ட், பாதி உபுண்டு என்றால் பயன் குறையும். சோர்சஸ் முகவரிகள் ஹெச்டிடிபிஎஸ் என்றிருந்தால் கேச்சரால் சேமிக்க முடியாது, அந்த எஸ்ஸை எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு பற்றிய பயத்துக்கு மேலே உள்ள பதிலைப் பாருங்கள். ஒரு பள்ளியில் இதை அமைத்துக் கொடுத்தபோது, முதல் கணினி முக்கால் மணி நேரம் எடுத்தது, அடுத்தது இரண்டே நிமிடத்தில் இறக்கி முடித்தது. அந்த ஆசிரியர் நம்பாமல் மூன்றாவதைத் தானே ஓட்டிப் பார்த்தார்.

ரெண்டு மூணு வருஷமா அப்டேட்டே போடல. இப்போ போட்டா எல்லாத்துக்கும் 404 வருது.

404 என்றால் கேட்ட கோப்பு சர்வரில் இல்லை என்று அர்த்தம். உங்கள் பதிப்பின் ஆயுள் முடிந்திருக்கலாம். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) அல்லாத பதிப்புக்கு ஆயுள் 9 மாதம்தான், எல்டிஎஸ்ஸுக்கு 5 ஆண்டு. முடிந்ததும் அதை முதன்மை சர்வரிலிருந்து எடுத்து, உபுண்டு "ஓல்ட்-ரிலீசஸ்" சர்வரிலும், டெபியன் "ஆர்க்கைவ்" சர்வரிலும் வைப்பார்கள். சோர்சஸ் முகவரியை அங்கே மாற்றினால் 404 போகும், ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அங்கே வராது. அடுத்த பதிப்புக்கு ஏறுவதற்கான படிக்கட்டாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முடியவில்லை, சில பேக்கேஜுக்கு மட்டும் 404 என்றால், பட்டியல் பழசு. "ஆப்ட் அப்டேட்" கொடுத்தாலே போதும்.

அடுத்த பதிப்புக்குப் போகணும். ஆன்லைன்ல ஏத்தறதா, ஐஎஸ்ஓ இறக்கிப் புதுசாப் போடறதா?

நெட் கணக்கில் மட்டும் பார்த்தால், உபுண்டுவில் ஆன்லைன் ஏற்றமே பெரும்பாலும் சிக்கனம். 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ (முழு நிறுவல் கோப்பு) 6 ஜிபியை ஒட்டி இருக்கிறது, ஏற்றத்துக்கு அவ்வளவு ஆகாது. "டூ-ரிலீஸ்-அப்கிரேட்" முதலில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் நிறுவத் தொடங்கும். எல்டிஎஸ்ஸிலிருந்து எல்டிஎஸ்ஸுக்கு முதல் திருத்த வெளியீடு வரும்வரை அழைப்பே வராது. 24.04க்கு அது 2024 ஆகஸ்டில்தான் வந்தது. காத்திருப்பதில் நஷ்டமில்லை.

டெபியனில் படி தாண்டக்கூடாது. 11இலிருந்து 12, 12இலிருந்து 13. சோர்சஸில் பெயரை மாற்றி, அப்டேட் கொடுத்து, "ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி" போட்டு விடுங்கள். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், தினமும் அதே கட்டளை, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அந்த நாட்களில் புதிதாக எதையும் நிறுவாதீர்கள், ஏனென்றால் இப்போது பட்டியல் புதிய பதிப்புடையது, பழையதோடு கலந்துவிடும். எல்லாம் இறங்கிய பிறகு, காப்பு எடுத்துவிட்டு, கரண்ட் நிலையான ஒரு காலையில் "ஆப்ட் அப்கிரேட் --வித்அவுட்-நியூ-பிகேஜிஎஸ்", பிறகு "ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்".

பக்கத்தில் லினக்ஸ் பயனர் குழு இருந்தால், முதலில் அவர்களிடம் கேளுங்கள். சென்னை, காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். டெபியன் டிவிடி ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் வாங்கி வந்து, எஸ்ஹெச்ஏ256 ஹாஷ் எண்ணைச் சரிபார்த்து, சோர்சஸில் அதையும் சேர்த்துவிட்டால், இறக்க வேண்டியதில் பெரும்பகுதி அதிலிருந்தே வந்துவிடும். ஐஎஸ்ஓ வெளியான பிறகு வந்த திருத்தங்களுக்கு மட்டும் உங்கள் போன் டேட்டா போதும்.